தம்பிதானே, விடு

"பையனா, பொண்ணா?"

மாமல்லபுரம் பேருந்து நிலையத்திலிருந்து கடற்கரைக் கோயிலுக்குப் போகிற சாலையில், சங்கு மாலைக்கும் மாக்கல் யானைக்கும் நடுவே பிளாஸ்டிக் பொம்மைகளைத் தொங்கவிட்டிருந்த ஒரு கடையில், அந்த அம்மா என்னைக் கேட்ட முதல் கேள்வி இது. என் அக்காவின் பேரக் குழந்தைக்கு மூன்றாவது பிறந்தநாள். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று நுழைந்திருந்தேன்.

"கொழந்தைக்கும்மா" என்றேன்.

"அதான், என்ன கொழந்த?"

"மூணு வயசுக் கொழந்த."

"அது சரி சார். பையனா, பொண்ணா? சொன்னாத்தானே எடுத்துக் குடுக்க முடியும்?"

பெட்டிக்குப் பெட்டி 'மூன்று வயதுக்கு மேல்' என்று அச்சடித்திருந்தது. சின்னப் பாகங்கள் தொண்டையில் சிக்கும், ஜாக்கிரதை என்றும் போட்டிருந்தது. அந்த அம்மாவுக்கு வயதும் பொருட்டில்லை, தொண்டையும் பொருட்டில்லை. ரேஷன் கடை வரிசையில் கார்டு இல்லாமல் வந்து நிற்பவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். கடையின் வலது சுவர் முழுக்க ரோஸ்: குக்கர், கேஸ் அடுப்பு, மிக்சி, இஸ்திரிப் பெட்டி, பால்புட்டியோடு ஒரு பாப்பா, உதட்டுச்சாயப் பெட்டி. இடது சுவர் முழுக்க நீலமும் கறுப்பும்: துப்பாக்கி, கார், ஜேசிபி, கிரிக்கெட் மட்டை, கைவிலங்கோடு போலீஸ் செட். நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற அகலத்துக்கு ஒரு சந்து. அந்தச் சந்துக்குத்தான் நம் ஊரில் சமத்துவம் என்று பெயர்.

கடையை நடத்துவது அந்த அம்மாதான். பாரிமுனையில் சரக்கு எடுத்து மூட்டை கட்டிப் பேருந்தில் ஏற்றி வருவது, ஷட்டரைத் தூக்குவது, வடநாட்டுக்காரரிடம் இந்தியில் பேரம், வெள்ளைக்காரரிடம் ஆங்கிலத்தில் பேரம், ராத்திரி கணக்கு எல்லாம் அவரே. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து செல்போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர் வீட்டுக்காரராக இருக்கலாம், விசாரிக்கவில்லை. "பொண்ணுதான்" என்று வாய்தவறிச் சொன்னேன். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. வலது சுவரிலிருந்து ஒரு பெட்டியை உருவினார். "இதுதான் சார் நல்லாப் போவுது. முப்பத்தாறு ஐட்டம்." கல்லாப் பெட்டியில் உட்கார்ந்து குடும்பத்தையே தாங்குகிறவர், அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கு எடுத்துக் கொடுத்தது குக்கரை.

முப்பத்தாறு சாமான். கையில் வாங்கியபோது எனக்கு அது பணி நியமன உத்தரவுபோலக் கனத்தது. மூன்று வயதில், விண்ணப்பம் போடாமல் கிடைக்கிற உத்தியோகம் நாட்டிலேயே இது ஒன்றுதான். தேர்வாணையம் வேண்டாம், நேர்காணல் வேண்டாம், சிபாரிசுக் கடிதம் வேண்டாம். பணி நிரந்தரம். ஊதியம் பற்றிய கோப்பு பரிசீலனையில் உள்ளது. ஓய்வு பெறும் நாள் காடு சேரும் நாள்.

வேலைப் பளு எவ்வளவு என்று ஒன்றிய அரசே எண்ணி வைத்திருக்கிறது. 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் கை வைக்கிற ஒரு பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரி 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். அதிலும் கை வைக்கிற ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான், பெண்கள் 81. 2024-ல் திரும்ப எண்ணினார்கள். பெண் 289, ஆண் 88. ஐந்து வருடத்தில் அவளுக்குப் பத்து நிமிடம் மிச்சமானது. அந்தப் பத்து நிமிடத்தை அவன் ஏற்றுக்கொண்டான் என்று நினைத்துவிடாதீர்கள். அவனும் தன் பங்குக்கு ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டான். இந்தக் கணக்கெடுப்பு ஆறு வயதிலிருந்தே ஆட்களை எண்ணுகிறது. உத்தியோகம் எந்த வயதில் ஆரம்பமாகிறது என்பது புள்ளிவிவரத் துறைக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் அது விளையாட்டு.

தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பர் 15 முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை தருகிறது. வாங்குகிற கைகளுக்கு அது எவ்வளவு பெரிது என்று தெரியும். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கணக்கு என்று உட்கார்ந்தால் நாளைக்கு 33 ரூபாய், 289 நிமிடத்துக்குப் பங்கு வைத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட முழுசாய் வரவில்லை. அந்த ஏழு ரூபாயைக்கூட அரசாங்கம் கொடுக்கிறது. நாற்காலியில் சாய்ந்திருக்கிறவர் கொடுக்கவில்லை.

எனக்கும் இதில் பங்குண்டு. செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்கரைப் பக்கத்தில் எங்கள் வீடு. அக்காவுக்கு மரச் சொப்பு இருந்தது. சிவப்பும் மஞ்சளும் அரக்கு பூசியது. அம்மி, குழவி, ஆட்டுக்கல், இட்லிப் பானை, முறம். அவள் பூவரச மரத்தடியில் மண்ணைப் பிசைந்து இட்லி வார்ப்பாள். செங்கல் தூள் அரைத்துச் சட்னி. எனக்கு அந்த விளையாட்டில் ஒரே வேலை. அப்பா வேலைக்குப் போக வேண்டும். மரத்தை ஒரு சுற்று சுற்றி வருவேன். அதுதான் ஆபீஸ். வந்து சப்பணமிட்டு உட்கார்ந்து, "சோறு எங்கடீ?" என்று கத்துவேன். அக்கா பதறிக்கொண்டு பரிமாறுவாள். நான் கத்துகிற கத்தலைப் பார்த்துத் திண்ணையில் பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "அப்படியே அவங்கப்பன்" என்பார்கள். ஐந்து வயதில் ஒரு சுற்றுக்குக் கைதட்டல் வாங்கினவன், ஐம்பது வருடம் அதே மரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். சொப்பைக் கழுவி வைத்தது யார்? அக்கா. ராத்திரி நிஜப் பாத்திரங்களைக் கழுவியது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அக்கா அந்த விளையாட்டில் ஏமாந்தாள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். மண்ணைப் பிசையக் கற்றாள், அளவு கற்றாள், பங்கிடக் கற்றாள், ஒரு பொய்யான இட்லியை நிஜம்போல நடத்திக் காட்டக் கற்றாள். குழந்தை வளர்வதே அப்படித்தான். எனக்குத்தான் அந்தப் பாடம் எதுவும் கிடைக்கவில்லை. கத்துவதைக் கற்றேன், உட்கார்வதைக் கற்றேன்.

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடற்கரைக்கு இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஆறேழு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஈர மணலில் வீடு கட்டிக்கொண்டிருந்தது. கிளிஞ்சல் பதித்த சுவர், ஐஸ்கிரீம் குச்சியில் கதவு, தேங்காய் நாரில் தோட்டம். நல்ல வேலைப்பாடு. பக்கத்திலேயே நாலு வயதுத் தம்பி. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஓடிவந்து ஒரே உதை. வீடு போச்சு. அப்பா செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "செம கிக்குடா! இன்னொரு வாட்டி அடி, சரியா வியூ வரல!"

அவரைத் திட்டி என்ன பயன்? அவர் தமிழ் மரபைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பெண் கட்டுவதும் ஆண் உதைப்பதும் நம்மிடம் இலக்கணம். பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகை வைத்திருக்கிறோம். குழந்தைக்குப் பத்துப் பருவம். ஏழு பருவம் வரைக்கும் ஆணும் பெண்ணும் ஒன்று. தவழலாம், கை கொட்டலாம், முத்தம் தரலாம், நிலாவைக் கூப்பிடலாம். எட்டாவதில் புலவர் சுவர் எழுப்பிவிடுகிறார். ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். அவனுக்குப் பறையும் தேரும். வெளியே சத்தம் போட்டுக்கொண்டு ஓடலாம். அவளுக்கு ஊஞ்சல்; எவ்வளவு வேகமாக ஆடினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். இதில் அவனுடைய சிற்றில் பருவம் என்பது என்ன தெரியுமா? சிறுமிகள் மணல்வீடு கட்டுவார்கள், பாட்டுடைத் தலைவன் அதைச் சிதைப்பான், 'சிதைக்காதே' என்று அவர்கள் கெஞ்ச வேண்டும். கெஞ்சுவதுதான் பாட்டு. ஆண்டாளே ஒரு பதிகம் முழுக்கக் கண்ணனிடம் கெஞ்சியிருக்கிறாள். உதைத்தவன் இடுப்பில் இரண்டு வைக்கும் பருவம் ஒன்றைச் சேர்க்க எந்தப் பாட்டியல் இலக்கண நூலுக்கும் தோன்றவில்லை.

இன்னும் பின்னால் போனால் கலித்தொகை. கபிலரின் குறிஞ்சிக்கலியில் ஓர் அடங்காத பயல் வருகிறான். சின்ன வயதில் தெருவில் நாம் கட்டிய மணல்வீட்டைக் காலால் கலைத்தவன், கூந்தல் மாலையை இழுத்து அறுத்தவன், பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன் என்று தலைவி தோழியிடம் அறிமுகம் செய்கிறாள். அவன் வளர்ந்து ஒருநாள் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். கொடுக்கப் போனால் கையைப் பிடித்துவிடுகிறான். அவள் அலறுகிறாள், அம்மா ஓடி வருகிறாள், இவளோ, 'தண்ணீர் விக்கிக்கொண்டது' என்று அவனுக்காகப் பொய் சொல்கிறாள். அம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள்! இலக்கிய அழகு பற்றி எனக்குச் சண்டை இல்லை. நாடகம் எழுதுகிறவன் எவனும் அந்தப் பாட்டைப் பொறாமையோடுதான் படிப்பான். ஆனால் ஒரு விண்ணப்பம். வீட்டை உதைத்தவன், முடியை இழுத்தவன், கையைப் பிடித்தவன் என்று மூன்று படியும் வரிசையாக இருக்கிறதே, இதில் எந்தப் படியில் அவனை நிறுத்தியிருக்க வேண்டும் என்று எந்தத் தமிழய்யாவாவது வகுப்பில் கேட்டதுண்டா? எங்கள் ஐயா கேட்கவில்லை. 'களவின் நயம்' என்று பத்து மதிப்பெண் கேள்வி போட்டார்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொண்டை நாட்டைப் பற்றி, அதாவது நம்ம ஊரைப் பற்றி, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்று ஒரு துறைமுகம் வருகிறது. அதுதான் பிற்கால மாமல்லபுரம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அந்தப் பட்டினத்துப் பெண்கள் வானுயர்ந்த மாடத்தில் பந்தடிக்கிறார்கள். களைத்தபின் மணலில் பொன்னால் செய்த கழங்கு ஆடுகிறார்கள். கால் சிலம்பு ஒலிக்கிறது, கைவளை குலுங்குகிறது, யாரும் 'உள்ளே வாடி' என்று கூப்பிட்டதாகப் பாட்டில் இல்லை. அதே பாட்டில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் உருட்டுகிற சிறுதேரும் வருகிறது. தச்சனின் பிள்ளைகளே ஆசைப்படும்படி அழகாய்ச் செய்தது. செய்தவன் வீட்டுப் பிள்ளைக்குப் பார்த்து ஏங்கும் உரிமை மட்டும்! பொம்மைக்குச் சாதியும் வர்க்கமும் உண்டு என்பதை அந்த மனிதர் போகிறபோக்கில் எழுதிவிட்டார். அது வேறு கட்டுரை.

கடற்கரையில் அந்தப் பெண் குழந்தை அழவில்லை. அம்மாவைப் பார்த்தது. அம்மா சொன்னார்: "விடு பாப்பா, தம்பிதானே."

தம்பி! இந்தக் கடற்கரைக்கு அந்தப் பெயர் புதிதல்ல. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் இங்கேதான் பூஞ்சேரியில் நடந்தது. கூப்பிடு தூரத்தில் சதுரங்கப்பட்டினம் என்றே ஓர் ஊர் இருக்கும்போது வேறெங்கே நடத்துவது? போட்டியின் சின்னம், வேட்டி சட்டை கட்டிக் கைகூப்பி நிற்கும் ஒரு குதிரை. பெயர் 'தம்பி'. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகத் தம்பி, பேருந்தில் தம்பி, பால் பாக்கெட் வாங்கப் போனால் எதிரே தம்பி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் அக்கா மட்டும் கேட்டாள்: "குதிரைக்குக்கூட வேட்டிதான் கட்டத் தோணுதா உங்களுக்கு?" பாவாடை கட்டிய குதிரை 'தங்கச்சி' என்று இன்னொன்று வைத்திருந்தால் தமிழ்ப் பண்பாடு சரிந்தா போயிருக்கும்? (பிறகு 2024-ல் கேலோ இந்தியா இளையோர் போட்டிக்கு வேலுநாச்சியாரைச் சின்னமாக வைத்தார்கள். அதைக் குறித்துக்கொள்கிறேன்.)

தம்பி வாசலில் கைகூப்பி நின்றபோது உள்ளே யார் ஆடினார்கள்? நிறைமாதக் கர்ப்பிணியாகப் பலகை முன் உட்கார்ந்து காய் நகர்த்தினார் ஹரிகா. பக்கத்தில் ஹம்பி, வைஷாலி, தானியா, பக்தி. இந்தியப் பெண்கள் அணி செஸ் ஒலிம்பியாடில் முதல் முறையாகப் பதக்கம் வாங்கியது அங்கேதான், வெண்கலம். அந்த வைஷாலியைப் பற்றி ஊரெல்லாம் சொல்வது 'பிரக்ஞானந்தாவின் அக்கா' என்று. உண்மையில் அவர்தான் முதலில் விளையாடப் போனவர். பெண் தொலைக்காட்சியே கதியென்று கிடக்கிறதே என்று பெற்றோர் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அக்கா ஆடுவதைப் பார்த்துத் தம்பி வந்தார். வீட்டில் ஒரு பலகை, இரண்டு பிள்ளைகள், யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. விளைவு: உலகத்தின் முதல் அக்கா தம்பி கிராண்ட்மாஸ்டர்கள். இத்தனைக்கும் 2025 ஜூலையில் திவ்யா தேஷ்முக் நாட்டின் 88-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, அந்த எண்பத்தெட்டில் பெண்கள் நாலே நாலு பேர். மீதி எண்பத்து நாலு பேருக்கும் மூளை பெரிது என்று நம்புகிறவர்கள், சதுரங்கப் பலகையை எந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கிப் போகிறோம் என்று கொஞ்சம் யோசிக்கலாம். பலகையிலேயே பலசாலியான காய் ராணி. நாம் வெகுநாள் அதை மந்திரி என்றே கூப்பிட்டோம்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1978-ல் இங்கிலாந்தில் ஸ்மித், லாய்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் 32 தாய்மாரைக் கூப்பிட்டு, ஆறுமாதக் குழந்தை ஒன்றைக் கொடுத்து விளையாடச் சொன்னார்கள். சட்டையையும் பெயரையும் மாற்றி ஆணைப் பெண்ணென்றும் பெண்ணை ஆணென்றும் கொடுத்ததும் உண்டு. 'பெண்' என்றால் முதலில் பொம்மைப் பாப்பாவை நீட்டினார்கள். 'ஆண்' என்றால் சுத்தியல் வடிவக் கிலுகிலுப்பை, கூடவே 'எழுந்திரு, தாவு' என்று உற்சாகம். குழந்தை எதையும் கேட்கவில்லை. சட்டைதான் கேட்டது. கட்டையை அடுக்கிப் பிரித்து அடுக்குகிற பிள்ளைக்கு, ஒரு வடிவத்தை மனசுக்குள் திருப்பிப் பார்க்கும் சாமர்த்தியம் கூடுகிறது. பின்னால் கணக்குக்கும் வரைபடத்துக்கும் அது கைகொடுக்கிறது. பெட்டியோடு கட்டையை இடது சுவரில் மாட்டிவிட்டு, 'பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு வராது' என்று இரண்டாம் பாட்டை எடுக்கிறோம். 1992-ல் பேசும் பார்பி ஒன்று 'கணக்கு வகுப்பு கஷ்டம்' என்று வாய்விட்டே சொன்னது. அடுத்த வருடம் அமெரிக்காவில் சில குறும்பர்கள் பார்பி விடுதலை அமைப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு, அவளுடைய குரல் பெட்டியைக் கழற்றிப் போர்வீரன் பொம்மைக்குள்ளும், அவனுடையதை இவளுக்குள்ளும் பொருத்திக் கடையில் திரும்ப வைத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் காலையில் போர்வீரன் கல்யாணக் கனவைப் பற்றிக் கொஞ்சினான். பார்பி பழிவாங்கப் போவதாகக் கர்ஜித்தாள். பாரிமுனைச் சரக்குக்கு அப்படி ஒரு கைங்கரியம் செய்ய யாராவது முன்வந்தால் ஸ்க்ரூ டிரைவர் நான் தருகிறேன்.

ஆண் பிள்ளைகளின் கதை இன்னும் பரிதாபம். 2020-ல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார், பொம்மைப் பாப்பாவோடு விளையாடுகிற குழந்தையின் மூளையில், அடுத்தவர் மனசை அறிகிற பகுதி தனியாக விளையாடும்போதும் வேலை செய்வதைக் கண்டார்கள்; ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலவே. (செலவு பார்பி கம்பெனியுடையது, உப்புப் போட்டே சாப்பிடுங்கள்.) லெகோ கம்பெனி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், பெண் பிள்ளைச் சாமானை எடுத்தால் கேலி செய்வார்களோ என்று பயந்த பையன்கள் நூற்றுக்கு 71 பேர். ஆண் பிள்ளைச் சாமானை எடுக்கப் பயந்த பெண்கள் 42. பயந்தது யார் பாருங்கள்! சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை என்று மார்தட்டும் சமூகத்தில், அந்தச் சாண் பிள்ளை ஒரு துணிப் பாப்பாவைத் தொட நடுங்குகிறது. எங்கள் தெருவில் ஒரு மூன்று வயதுப் பயல் பொம்மையைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா வெடுக்கென்று பிடுங்கி, "மானத்த வாங்காதடா" என்றார். அந்த மானம் பெரியவனாகி, தன் குழந்தை நடுராத்திரியில் அழும்போது போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும். அப்போது அதற்கு 'அவருக்கு இதெல்லாம் வராது' என்று பெயர்.

டெல்லிக்கும் பொம்மை மேல் அக்கறை வந்தது. 2020-ல் பொம்மை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. நல்லது, ஈயமும் நச்சுச் சாயமும் பிள்ளை வாயில் போகாது. சுவரை வலது இடது என்று பிரிக்கும் சரக்கு மட்டும் துறைமுகத்தில் மாட்டாது. அது முழுக்க உள்நாட்டு உற்பத்தி. தரக்கட்டுப்பாடும் தேவைப்படாத பழைய சரக்கு.

இப்போது செங்கல்பட்டுக்கே வருகிறேன். 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் இந்த ஊரில்தான் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு, டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்தது. பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை, விரும்பிய தொழில் செய்யும் உரிமை, மணமுறிவு உரிமை என்று தீர்மானம் போட்டார்கள். சொத்துரிமை சட்டமாக அறுபது வருடம் ஆனது: 1989. ஆனாலும் ஆனது. சொத்தில் பாதியைக் கொடுத்துவிட்டோம். பொம்மையில் பாதியைக் கொடுக்க இன்னும் மனசு வரவில்லை.

அதே ஊரில் ஜி.எஸ்.டி. சாலையோரக் கல்யாண மண்டபம் ஒன்றில் எங்கள் குழந்தையின் பிறந்தநாள். பலூன் ரோஸ், கேக் ரோஸ், பின்திரை ரோஸ். செல்போன் உறையில் பெரியார் படம் ஒட்டிய எங்கள் சொந்தக்காரர் ஒருவர், மாநாட்டுத் தீர்மானங்களை வரிசை மாறாமல் ஒப்பிக்கக் கூடியவர், உறை பிரிக்காமல் கொடுத்துவிட்டுப் போன பரிசு என்ன? மேக்கப் பெட்டி. கண்ணாடி, சீப்பு, உதட்டுச்சாயம், பிளாஸ்டிக் தாலி. நான் சிரிக்கக் கூடாது. என் கக்கத்தில் முப்பத்தாறு சாமான். வந்து குவிந்த பரிசுகளை அக்கா எண்ணினாள். சமையல் செட் ஐந்து, பாப்பா பொம்மை நாலு. "ஒரு கல்யாணச் சீரே வந்துடுச்சு" என்றாள். குழந்தை எதையும் சீண்டாமல் அட்டைப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, "பஸ்ஸு கெளம்புது, ஏறு ஏறு" என்று கத்திக்கொண்டிருந்தது. உடனே அதைத் தூக்கி இறக்கி, கவுனைச் சரிசெய்து, கேக் முன்னால் நிறுத்தினார்கள்.

மாமல்லபுரத்தில் இதை மீறிய குழந்தை உண்டு. மீனவர் குப்பத்தில் பிறந்த கமலி என்ற சிறுமி, கவுன் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஸ்கேட்டிங் பலகையில் சறுக்கிய படத்தை உலகமே பார்த்தது. அவளையும் அவள் அம்மாவையும் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த குறும்படம் 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுப் பட்டியலில் இடம்பெற்றது. பரிசை வென்றது அதே பட்டியலில் இருந்த இன்னொரு படம். அது ஆப்கானிஸ்தானத்துச் சிறுமிகள் போர்க்களத்தில் இதே பலகையில் ஏறக் கற்றதைச் சொன்னது. கமலி வளர்ந்து அலைச்சறுக்கில் பதக்கம் வாங்குகிறார்; நமக்கெல்லாம் பெருமை, பேனர் வைக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாலு சக்கரம் வைத்த ஒரு பலகையின் மேல் ஒரு பெண் குழந்தை நின்றது. அவ்வளவுதான் நடந்தது. அது லண்டன் வரைக்கும் செய்தியாகிறது என்றால், மற்ற லட்சக்கணக்கான குழந்தைகளை நாம் எங்கே உட்கார வைத்திருக்கிறோம்? வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் பக்கத்துச் சரிவு பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கியே வழவழத்துக் கிடக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் நின்று கேளுங்கள். "பாத்துடா, மெதுவா" என்பது பையனுக்கு. "ஏய், எறங்கு கீழ, பாவாட கிழியும்" என்பது யாருக்கு? கொஞ்சம் தள்ளி மகிஷாசுரமர்த்தினி குகையில் எட்டுக் கையோடு சிங்கத்தின் மேல் ஏறி, வில்லை இழுத்துக்கொண்டு துரத்துகிறாள் துர்க்கை. ஓங்கிய கதையோடு பின்வாங்குகிறான் எருமைத் தலையன். ஏழாம் நூற்றாண்டு. கிருஷ்ண மண்டபத்தில் மாட்டுக்குக் கீழே குந்திப் பால் கறப்பவன் ஆண். பல்லவச் சிற்பிக்கு வராத சந்தேகம் பிளாஸ்டிக் வியாபாரிக்கு வந்திருக்கிறது.

அன்று கடற்கரையில் நான் கிளம்புவதற்குள் அந்தப் பெண் குழந்தை மறுபடி வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தது. இந்த முறை வீட்டைத் தொடவில்லை. கலைந்த மணலைச் சுற்றி வட்டமாகக் குழி தோண்டியது. முழங்கை முழுக்க உள்ளே போகிற ஆழம். அடியில் தண்ணீர் ஊறியதும் அள்ளி வெளியே வீசியது. கிளிஞ்சல் உடைந்த விளிம்புகளைப் பொறுக்கிக் கரையில் கூர்மேலாக நட்டது. தம்பி தூரத்தில் நின்று ஓட்டத்துக்குத் தயாரானான். அக்கா நிமிர்ந்து அவனையே பார்த்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா செல்போனை இறக்கினார்.

"ஏய் பாப்பா, என்னாடி இது? டிரெஸ்ஸெல்லாம் சேறு. எழுந்து வா, கை கழுவு."